அரைக் கோலெத்து

“அலை அடிக்கும் இடம் தொட்டு மலை முகடு வரை.”
பத்திரத்தில் நீளத்துக்கு இவ்வளவுதான்.
எண் கிடையாது. எழுதிய நோத்தேருக்கு
ஏறிப் பார்க்கச் சோம்பலாக இருந்திருக்கும்.
அகலம் மட்டும் கறாராக: பன்னிரண்டு கோலெத்து.

கோலெத்து என்பது பதினைந்தடிக் கழி.
நான் காரைக்காலில் சங்கிலி பிடித்துப் பழகியவன்,
முதல்முறை கேட்டபோது கோல் என்றே காதில் விழுந்தது.
பிரெஞ்சுச் சொல்தான், தெரியும்.
இருந்தாலும் அன்று முழுக்க அதை
ஒன்றுவிட்ட தம்பி போலக் கூட்டிக்கொண்டு திரிந்தேன்.

சென்-லெயில் நிலத்தைக் குறுக்கே வெட்டுவதில்லை.
வெட்டினால் ஒருவனுக்கு மீன், ஒருவனுக்குக் கரும்பு,
ஒருவனுக்கு ஜெரேனியமும் மூடுபனியும்.
எல்லாருக்கும் எல்லாம் வேண்டும்.
ஆகவே நெடுக.
வாங்கிய வயாபூரிக்குப் பிள்ளைகள் நால்வர்: மும்மூன்று.
அவர்களில் வள்ளியம்மேவுக்கு மூவர்: ஒவ்வொன்று.
அந்த மூவரில் ஒருவனின் மக்கள் இருவர்
இன்று என் முக்காலிக்கு இரண்டு பக்கமும் நிற்கிறார்கள்,
ரோஸ்மே, அன்செல்ம்,
ஒருவர் முகம் ஒருவர் பாராமல்.

அரைக் கோலெத்து.
இரண்டு மீட்டர் நாற்பத்துநான்கு.
நீளம் ஒன்பது கிலோமீட்டர்.
கார் நுழையும், கதவு முழுக்கத் திறக்காது.
பரப்பைப் பெருக்கிப் பார்த்தால்
ஆளுக்கு இரண்டு ஹெக்டேர். வசதியானவர்கள்.

அப்பா உயிரோடிருந்தபோதே பிரித்துக் கல் நட்டார் என்கிறாள் அவள்.
எந்தக் கல் என்கிறான் அவன்.
நியாயமான கேள்வி.
எரிமலை கக்கிய ஊரில் எல்லாம் கல், எல்லாம் கறுப்பு.
நம்மூர்ப் பத்திரமானால்
நிதி நிட்சேபம் ஜலம் தரு பாஷாணம் என்று அடுக்கி
சந்திராதித்தர் உள்ளவரை என்று முடித்திருப்பார்கள்.
இங்கே பாஷாணத்துக்கு மட்டும் குறைவில்லை.

எல்லைக்கல்லை அடையாளம் காண ஒரே வழி
அதன் அடியில் பார்ப்பது.
நட்டவன் ஓட்டையோ பீங்கானையோ உடைத்துப் புதைத்திருப்பான்.
துண்டுகள் பொருந்தினால் அது கல்.
பொருந்தாவிட்டால் வெறும் கல்.
சாட்சி என்றுதான் அதற்குப் பெயர், சட்டத்திலும்.

கற்றாழை வேலிக்கு அப்பால்,
அவன் பயிரேற்றிய முப்பத்தொரு சென்டிமீட்டரில்,
நான்காவது கல்லைப் புரட்டினோம்.
மண்புழு. ஒரு சோடா மூடி.
பிறகு நீலக் கரை போட்ட தட்டு, மூன்று துண்டாக.
கழுவிக் குனிந்து சேர்த்தேன்.
கொடி ஒரு துண்டில் கிளம்பி
அடுத்த துண்டில் இலை விட்டது.

ரோஸ்மே நிலத்தைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தாள்.
“இது அம்மாவின் தட்டு.
நான் உடைத்து ஒளித்தேன் என்று
விளக்குமாறு பிய்யும்வரை அடித்தாள்.”
அன்செல்முக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அடக்கப் பார்த்து இருமினான்.
அவள் சிரிக்கவில்லை.
அறிக்கையில் இதற்குக் கட்டம் இல்லை.
‘சாட்சிகள் கண்டெடுக்கப்பட்டன, பொருந்துகின்றன’ என்று எழுதி
இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன்.
துண்டுகள் திரும்பக் குழிக்குள் போகவேண்டும்.
அவள் மூன்றாவதைத் தரக் கொஞ்சம் நேரமானது.

மிச்சம் கீழெல்லை.
கரையிலிருந்து ஐம்பது தப்படி ராஜாவுக்கு,
எண்பத்தொரு மீட்டர் இருபது.
ராஜா போய்க் குடியரசு வந்தும் தப்படி போகவில்லை.
ஆக, அலை அடிக்கும் இடம்
வயாபூரிக்கே ஒருநாளும் சொந்தமாக இருந்ததில்லை.
இருந்தாலும் பத்திர வாசகத்தை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை.
சவுக்கு மரங்களைத் தாண்டி இறங்கிக்
கம்பத்தை மணலில் ஊன்றினேன்.
ஒரு அலை கணுக்கால்வரை வந்தது.
அடுத்தது வரவில்லை.
மூன்றாவது என் பையை நனைத்துவிட்டுப் போனது.

எந்த அலை என்று பத்திரம் சொல்லவில்லை.